ஸ்பிளிட்டா, சென்ட்ரலா: டக்ட் போகும் வழியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. இரண்டு மாடி வீடு. கான்கிரீட் கூரை போட்டாகிவிட்டது, பூச்சு வேலை இன்னும் தொடங்கவில்லை. கீழே ஹாலும் சாப்பிடும் இடமும் நடுவில் சுவர் இல்லாமல் ஒன்றாக இருக்கின்றன, பக்கத்தில் பெற்றோருக்கு ஒரு படுக்கையறை. மேலே இரண்டு படுக்கையறைகள். பார்க்க வந்தவர்களில் ஒருவர் அறைக்கு ஒரு ஸ்பிளிட் ஏசி போதும் என்கிறார். இன்னொருவர் டக்ட் (குளிர்காற்று போகும் பெரிய குழாய்) இழுத்து வீடு முழுக்க ஒரே சென்ட்ரல் ஏசி போடச் சொல்கிறார். எதை எடுப்பது?

வீடுகளுக்கு ஏசி திட்டமிட்டுக் கொடுப்பது என் வேலை. இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நான் முதலில் எந்த மெஷின் நல்லது என்ற பேச்சை ஒதுக்கி வைத்துவிடுவேன். திருப்பி இரண்டு கேள்வி கேட்பேன். உங்கள் வீட்டில் ஒரே நேரத்தில் எத்தனை அறைகளில் ஏசி ஓடும்? டக்ட் போட்டால் அது எந்த இடத்தின் வழியாகப் போகும்? இந்த இரண்டுக்கும் நேர்மையாகப் பதில் கிடைத்துவிட்டால் முக்கால்வாசி முடிவு அங்கேயே தெரிந்துவிடும்.

ஏன் என்று சொல்கிறேன். ஸ்பிளிட்டுக்கும் சென்ட்ரலுக்கும் உள்ளே இருக்கும் இயந்திரம் ஒன்றுதான். அதே கம்ப்ரஸர், வெளியே ஒரு காயில் (வளைத்து வளைத்து மடித்த குழாய்), உள்ளே ஒரு காயில், நடுவில் சுற்றிவரும் கேஸ். வீட்டுக்குள் குளிர்ச்சியைச் சுமந்துகொண்டு போவது எது என்பதில்தான் வித்தியாசம். ஸ்பிளிட்டில் கேஸே நேராக அறைக்கு வந்துவிடுகிறது. சென்ட்ரலில் கேஸ் ஓரிடத்தில் நின்றுவிடும், அங்கிருந்து காற்றுதான் அறைகளுக்குக் குளிர்ச்சியைச் சுமக்க வேண்டும். காற்று ரொம்பச் சுமாரான சுமைதூக்கி. ஒரு கிலோ காற்றை 11 டிகிரி குளிரவைத்து அனுப்பினால், அது அறையிலிருந்து சுமார் 11 கிலோஜூல் வெப்பத்தை எடுக்கும். இன்றைய ஸ்பிளிட்களில் பரவலாக இருக்கும் ஆர்-32 கேஸ் ஒரு கிலோ, காயிலுக்குள் ஆவியாகும்போது 200 கிலோஜூலுக்கு மேல் எடுத்துவிடும்.

இதன் விளைவைக் கண்ணால் பார்க்கலாம். 1 டன் ஏசிக்கு இரண்டு காப்பர் பைப் போதும். ஒன்று 6.35 மில்லிமீட்டர், பென்சில் தடிமன். இன்னொன்று பெரும்பாலும் 9.52 மில்லிமீட்டர், சுண்டுவிரல் தடிமன்கூட வராது. அதே 1 டன் குளிர்ச்சியைக் காற்றில் அனுப்ப நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 கன அடி காற்று ஓட வேண்டும். அதற்கு 22 சென்டிமீட்டருக்கு 22 சென்டிமீட்டர் அளவில் ஒரு டக்ட் தேவை. மேலே இன்சுலேஷன் சுற்றினால் இன்னும் பருத்துவிடும். 4 டன்னுக்கான பிரதான டக்டைக் கொண்டுபோக வேண்டுமென்றால், வழியில் இருக்கும் ஒவ்வொரு பீமோடும் பேச்சுவார்த்தை நடத்த வேண்டியிருக்கும். (டன் என்பது மெஷினின் எடை என்று நினைப்பவர்கள் உண்டு. 907 கிலோ ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது உறிஞ்சுகிற வெப்பம்தான் 1 டன். கிலோவாட்டில் சொன்னால் சுமார் 3.5.)

சரி, டக்ட் எங்கே போகும்? பல அமெரிக்க வீடுகளில் அது சாய்ந்த கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் இருக்கும் பரணில் போகிறது. வெயில் ஏறினால் அந்தப் பரண் 55 டிகிரியைத் தொடும், டக்டுக்குள் ஓடும் காற்றோ 13 டிகிரி. வீட்டுச் சுவர் தாங்குகிற வெப்ப வித்தியாசம் பத்து பதினைந்து டிகிரிதான், ஆனால் வீட்டிலேயே மிகக் குளிர்ந்த காற்றை, வீட்டிலேயே மிகச் சூடான இடத்தின் வழியாக நாமே அனுப்புகிறோம். குளிரூட்டாத இடத்தில் டக்ட் போனால், ஏசிக்குச் செலவாகும் மின்சாரத்தில் 30 சதவீதத்துக்கு மேல்கூட டக்டிலேயே வீணாகலாம் என்று அந்நாட்டின் எரிசக்தித் துறை சொல்கிறது. டக்டே வேண்டாம் என்பவர்கள் எடுத்துக்காட்டும் எண் இதுதான். எண் சரிதான், ஆனால் அது எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. கான்கிரீட் தளத்துக்குக் கீழே, ஃபால்ஸ் சீலிங்குக்குள் டக்ட் போனால் அது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கொஞ்சம் கசிந்தாலும் குளிர்ச்சி வீட்டுக்குள்தான் விழும். உங்கள் கீழ்த்தளம் அப்படிப்பட்டது. மேல்தளம் அப்படியல்ல. பகலெல்லாம் காய்ந்த கூரைக்கு நேர் கீழே இருக்கும் ஃபால்ஸ் சீலிங் இடைவெளி கிட்டத்தட்ட ஒரு பரணைப் போலத்தான் சூடாகும். கூரைமேல் வெப்பத்தடுப்பு போடாவிட்டால் அங்கே டக்ட் இழுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

டக்டை எப்படிப் போடுகிறார்கள் என்பது எங்கே போகிறது என்பதைவிடப் பெரிய விஷயம். சில காலம் முன் ஒரு வீட்டில் என்னைக் கூப்பிட்டார்கள். சென்ட்ரல் ஏசி, நல்ல மெஷின், ஆனால் கடைசிப் படுக்கையறை மட்டும் குளிரவே இல்லை. இரண்டு முறை கேஸ் அடித்துப் பார்த்திருக்கிறார்கள். காற்று வரும் கிரில்லைக் கழற்றி, ஏணியில் ஏறி டார்ச் அடித்தேன். மடக்கு டக்ட் ஒரு பீமுக்கு அடியில் நுழையும் இடத்தில், காலால் மிதித்த தோட்டக் குழாய் மாதிரி சப்பையாகிக் கிடந்தது. அதற்கு இரண்டு அடி முன்னால் இணைப்பில் ஒட்டியிருந்த துணி டேப் காய்ந்து, ஒரு பக்கம் உரிந்து தொங்கியது. அந்த இடத்தில் கையை வைத்தேன், சில்லென்று காற்று ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஊற்றிக்கொண்டிருந்தது. அந்த அறையில் தூங்கிய பிள்ளைகளுக்கு வர வேண்டிய காற்று அது. மெஷின்மீது ஒரு குறையும் இல்லை.

அந்தத் துணி டேப்புக்குப் பெயரே டக்ட் டேப்தான். 1998-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் டக்ட் இணைப்புகளை அடைக்கும் பொருள்களைச் சூட்டிலும் குளிரிலும் மாற்றி மாற்றி வைத்துச் சோதித்தார்கள். பெயரில் டக்டை வைத்திருக்கும் அதே டேப்தான் டக்டில் நிற்காமல் தோற்றுப்போனது. இணைப்புகளுக்கு மாஸ்டிக் என்ற பசை பூச வேண்டும், அல்லது அதற்கென்றே செய்த அலுமினியத் தகட்டு டேப் ஒட்ட வேண்டும். சீலிங் மூடும் முன் நீங்களே ஏணியில் ஏறி ஒவ்வொரு இணைப்பையும் பார்த்து ஃபோட்டோ எடுத்து வையுங்கள். பிறகு அதைப் பார்க்க வாய்ப்பே கிடைக்காது.

சென்ட்ரலில் பலரும் யோசிக்காத இன்னொன்று, காற்று திரும்பி வரும் வழி. அறைக்குள் குளிர்ந்த காற்றை ஊதினால் அதே அளவு காற்று வெளியேறி மெஷினுக்குத் திரும்பியாக வேண்டும். செலவு குறைக்க, ஹாலில் மட்டும் ஒரு பெரிய ரிட்டர்ன் கிரில் வைத்துவிட்டு, படுக்கையறைக் கதவின் கீழ்ச் சந்து வழியாகக் காற்று வந்துவிடும் என்று சொல்லிவிடுவார்கள். வராது. எப்போதாவது இப்படிப்பட்ட வீட்டுக்குப் போனால் ஒன்று செய்து பாருங்கள். ஏசி ஓடும்போது படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு, வெளியே குனிந்து அடிச்சந்துக்கு நேராக ஒரு டிஷ்யூ பேப்பரைப் பிடியுங்கள். பேப்பர் கிடந்து படபடக்கும். உள்ளே காற்று முட்டி நிற்கிறது, வெளியேற வழியில்லை, அதனால் புதுக் குளிர்காற்றும் உள்ளே முழுசாக வருவதில்லை. அதே நேரம் ஹாலில் காற்று குறைந்து, ஜன்னல் சந்துகளில் வெளிச்சூட்டை வீடு உறிஞ்சிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு அறைக்கும் தனி ரிட்டர்ன் வேண்டும், இல்லையென்றால் கதவுக்கு மேலே காற்று போக ஒரு கிரில்லாவது வேண்டும். சென்ட்ரல் போடச் சொல்கிறவரிடம் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள். அவர் வேலை தெரிந்தவரா என்பது பதிலிலேயே தெரிந்துவிடும்.

இப்போது அடுத்த கேள்விக்கு வருவோம், எத்தனை அறைகள் ஒன்றாக ஓடும். சில குடும்பங்களில் பகலெல்லாம் ஹாலில் யாராவது இருப்பார்கள், ஒருவர் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பார், பிள்ளைகள் மேலும் கீழும் ஓடுவார்கள், கதவுகள் திறந்தே கிடக்கும். அங்கே வீடு முழுவதும் ஒரே சீராகக் குளிர்ந்திருப்பது பெரிய சுகம், அதைச் சென்ட்ரல் தருவதுபோல் ஸ்பிளிட் தராது. இன்னும் பல வீடுகளில் பகலில் ஏசியே கிடையாது, இரவில் படுக்கையறை மட்டும். அப்படிப்பட்ட வீட்டில் சென்ட்ரல் போடுவது, ஒருவர் போவதற்குப் பேருந்தை எடுப்பது மாதிரி. பெற்றோர் அறையில் 1 டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட் (தேவைக்கேற்ப வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் வகை) ஓடினால், அறை குளிர்ந்த பிறகு முந்நூறு நானூறு வாட்டில் இரவு முழுக்கத் தாக்குப்பிடிக்கும். 4 டன் சென்ட்ரல், ஒரே வேகத்தில் ஓடும் வகையாக இருந்தால், அந்த ஓர் அறைக்காக எழுந்திருக்கும்போதெல்லாம் ஏறத்தாழ 4 கிலோவாட் இழுக்கும்.

"மற்ற அறைகளின் கிரில்லை மூடிவிட்டால் போயிற்று" என்று சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மெஷின் தன் காற்றின் அளவுக்கு ஏற்ப வடிவமைக்கப்பட்டது. பாதிக் கிரில்லை மூடினால் டக்டில் அழுத்தம் ஏறும், இணைப்புகளில் கசிவு கூடும், காயில்மீது ஓடும் காற்று குறையும். காயில் உறைநிலைக்குக் கீழே போய் ஐஸ் கட்டும், பிறகு கம்ப்ரஸருக்குத் திரவமாகவே கேஸ் திரும்பி வந்து அதைக் கெடுக்கும். பகுதி பகுதியாக ஓட்ட வேண்டுமென்றால் டக்டைத் திறந்து மூடும், மோட்டார் வைத்த டேம்பர்களும், வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் கம்ப்ரஸரும் ப்ளோயரும் (காற்றை ஊதும் ஃபேன்) சேர்ந்த அமைப்பு வேண்டும். அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் விலை ஏறும், பிழை கண்டுபிடிக்கக்கூடிய மெக்கானிக்கும் வேண்டும்.

சென்ட்ரலுக்கு நியாயமாகச் சேர வேண்டிய பெருமை ஒன்று உண்டு. வீடு முழுக்க ஒரே நேரத்தில் உச்ச வெப்பத்தைத் தொடுவதில்லை. கிழக்கு அறைக்குக் காலையில், மேற்கு அறைக்கு மாலையில், ஹாலுக்கு விருந்தினர் வந்திருக்கும்போது. ஸ்பிளிட்டில் ஒவ்வோர் அறைக்கும் அதன் உச்சத்துக்கேற்ப மெஷின் வாங்க வேண்டும். கூட்டினால் ஐந்து டன் ஆகும். அதே வீட்டுக்குச் சென்ட்ரல் மூன்றரை, நான்கு டன்னில் முடியலாம். ஒரே ஃபில்டர், தண்ணீர் வடிய ஒரே டிரெய்ன் குழாய், வெளிச்சுவரில் ஒரே ஒரு யூனிட். இதெல்லாம் சின்ன விஷயமில்லை.

இரண்டுக்கும் நடுவில் மல்ட்டி ஸ்பிளிட் என்று ஒன்றைக் காட்டுவார்கள். வெளியே ஒரு பெரிய யூனிட், உள்ளே நான்கைந்து. வெளிச்சுவரில் இடமே இல்லாதவர்களுக்கு அதுதான் வழி, மற்றபடி நான் தயங்குவேன். வெளியூனிட் எவ்வளவு குறைந்தாலும் தன் அளவில் கால் பங்குக்குக் கீழே இறங்குவது பல மாடல்களில் கடினம். 4 டன் யூனிட்டின் கால் பங்கு 1 டன். நள்ளிரவில் ஒரு படுக்கையறைக்குத் தேவைப்படுவது அதில் மூன்றில் ஒன்றாக இருக்கலாம். அதனால் நின்று நின்று ஓடும். மின்சாரமும் மிச்சமாகாது, ஈரமும் சரியாக வடியாது. அப்புறம், ஓரிடத்தில் கேஸ் கசிந்தால் நான்கு அறையும் ஒன்றாக நிற்கும். தனித்தனி ஸ்பிளிட்டில் ஓர் அறை கெட்டால் பக்கத்து அறையில் பாயைப் போட்டுப் படுத்துக்கொள்ளலாம். வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு அந்த நிம்மதி முக்கியம்.

ஈரத்தைப் பற்றிச் சொன்னேன், அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. நவீன ஏசி பிறந்ததே ஈரப்பதத்துக்காகத்தான். 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில், காற்றின் ஈரத்தால் காகிதம் உப்பிச் சுருங்கி, ஒரு நிறத்துக்கு மேல் அடுத்த நிறம் சரியாக விழாமல் போனது. அதைத் தீர்க்க வில்லிஸ் கேரியர் வடிவமைத்ததுதான் பிற்காலத்தில் நம் வீட்டுக்கு வந்தது. மனித உடம்புக்கும் அதே கதை. 26 டிகிரியில் காற்று உலர்ந்திருந்தால் சுகமாகத் தூங்கலாம். 23 டிகிரியிலும் காற்று ஈரமாக இருந்தால் போர்வை பிசுபிசுக்கும். ஒரு லிட்டர் தண்ணீரைக் காற்றிலிருந்து பிரிக்க ஏறத்தாழ 0.68 கிலோவாட்-மணி குளிர்ச்சி செலவாகிறது. ஒன்றரை டன் ஏசி ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர் வடித்தால், அதன் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீருக்கே போய்விட்டது என்று அர்த்தம். தேவையைவிடப் பெரிய மெஷின் அறையைச் சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். காயிலில் கோத்திருக்கும் தண்ணீர் டிரெய்னுக்கு வடியும் முன்பே, ஓடிக்கொண்டிருக்கும் ஃபேன் அதைத் திரும்ப அறைக்கே ஊதிவிடும். சென்ட்ரலோ ஸ்பிளிட்டோ, "எதற்கும் ஓர் அரை டன் கூடவே போடுங்கள்" என்பவரை நம்பாதீர்கள். அறையின் சதுர அடியை மட்டும் பார்த்து டன் சொல்பவரையும்தான். ஜன்னல் எந்தத் திசை, கண்ணாடி எவ்வளவு, மேலே வெயில் படும் கூரையா அல்லது இன்னொரு தளமா, எத்தனை பேர் இருப்பார்கள், இத்தனையும் கணக்கில் வர வேண்டும். அமெரிக்காவில் மேனுவல் ஜே என்ற முறைப்படி இந்தக் கணக்கைப் போடுகிறார்கள். எந்த ஊராக இருந்தாலும் அந்த மாதிரியான கணக்கு ஒன்றைத் தாளில் கேட்டு வாங்குங்கள்.

காற்றின் சுத்தத்தில் சென்ட்ரல் முந்திக்கொள்ளும். சுவரில் மாட்டும் ஸ்பிளிட்டின் ஃபில்டர் ஒரு நைலான் வலை. பஞ்சையும் முடியையும் பிடிக்கும், நுண்தூசியைப் பிடிக்காது. சென்ட்ரலில் ரிட்டர்ன் வழியில் மெர்வ் 13 தரத்துக்கு (நுண்தூசியையும் பிடிக்கும் தரம்) ஒரு தடித்த ஃபில்டர் வைக்கலாம். ஆனால் ப்ளோயருக்கு அந்தத் தடையைத் தாங்கும் பலம் இருக்க வேண்டும், அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வீட்டில் ஆஸ்துமா இருப்பவர் இருந்தால் இதற்கு நிறைய மதிப்பெண் கொடுங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டும் ஒன்று. வெளிக்காற்றை எதுவும் தானாகக் கொண்டுவராது. இருக்கும் காற்றையேதான் சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கும். இரவெல்லாம் மூடிய அறையில் மூன்று பேர் தூங்கி எழுந்தால் தலை கனப்பது இதனால்தான். சென்ட்ரலில் வெளிக்காற்றுக்கு ஒரு சிறு டக்டைச் சேர்த்துவிடலாம். ஸ்பிளிட் அறையில் தனியாகத்தான் வழி செய்ய வேண்டும், இல்லையென்றால் கதவைக் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும்.

சத்தம், அழகு இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். நல்ல ஸ்பிளிட் உள்ளே கிட்டத்தட்ட ஓசையே இல்லாமல் ஓடும். அதன் வெளியூனிட்டை யாருடைய தலைமாட்டு ஜன்னலுக்கும் கீழே வைக்கக் கூடாது. சென்ட்ரலில் ரிட்டர்ன் கிரில் சிறியதாகப் போனால் அது நாள் முழுக்க மூச்சுவாங்கும். சுவரில் வெள்ளைப் பெட்டி தொங்குவது பிடிக்கவில்லை என்பதும் நல்ல காரணம்தான், தினமும் பார்க்கப் போவது நீங்கள்.

ஸ்பிளிட் என்றால் பொருத்துவது சுலபம், தப்பே வராது என்று நினைத்துவிடக் கூடாது. பைப்பின் நுனியை விரித்து நட் போட்டு முறுக்கிய பிறகு, உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வேக்குவம் பம்ப் வைத்து இழுக்க வேண்டும். வேக்குவத்தை அளக்கும் மீட்டர் 500 மைக்ரானுக்குக் கீழே இறங்க வேண்டும், பம்பை நிறுத்திய பிறகும் அங்கேயே நிற்க வேண்டும். அவசரப்படுபவர்கள் பம்பைக் கொண்டுவருவதே இல்லை. வால்வை அரைச் சுற்றுத் திறந்து, கேஸைக் கொஞ்சம் சீறவிட்டு, "காற்று போயிடுச்சு" என்று மூடிவிடுவார்கள். காற்றில் கொஞ்சம் போயிருக்கும், ஈரம் உள்ளேயே இருக்கும். கம்ப்ரஸர் எண்ணெய் அந்த ஈரத்தைக் குடித்து அமிலமாகும், மெல்ல மெல்ல மோட்டார் சுருளை அரிக்கும். இரண்டாம் வருடம் காயில் ஓட்டை, மூன்றாம் வருடம் கம்ப்ரஸர். ஆள் வரும்போது பையில் பம்ப் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எடுத்துக்கொண்டு வரச் சொல்லி அனுப்புங்கள், கூச்சப்படாதீர்கள். பொருத்தி முடிந்ததும் உள்யூனிட்டில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, டிரெய்னில் தங்காமல் வெளியே வருகிறதா என்றும் பாருங்கள். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவாவது வேண்டும்.

கேஸைப் பற்றி ஒரு வார்த்தை. ஆர்-410ஏ இருக்கும் மெஷினை இப்போது புதிதாக வாங்காதீர்கள். புவியைச் சூடாக்கும் திறனில் அதன் எண் 2088, ஆர்-32-க்கு 675. 2016-இல் உலக நாடுகள் ஏற்ற கிகாலி உடன்பாட்டுக்குப் பிறகு உலகமே அதிக எண்ணுள்ள கேஸ்களைக் குறைத்துக்கொண்டு வருகிறது, பத்து வருடம் கழித்து ரிப்பேருக்கு அந்த கேஸ் தேடி அலைய வேண்டியிருக்கும். ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கும் இயல்புள்ளது. சிறிய ஸ்பிளிட்டில் இருக்கும் அளவுக்குக் கவலை வேண்டாம். நிறைய கேஸ் சுற்றும் மல்ட்டி ஸ்பிளிட்டைச் சின்ன அறைக்குள் கொண்டுவரும்போது, அறையின் பரப்புக்கு இவ்வளவுதான் கேஸ் இருக்கலாம் என்று கம்பெனியின் கையேட்டில் ஓர் அட்டவணை இருக்கும். அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொரு வழியை உங்களிடம் யாரும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். ஸ்பிளிட்டின் உள்யூனிட்டையே ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஒளித்து, அதிலிருந்து குட்டையான டக்ட் மட்டும் எடுக்கும் வகை ஒன்று உண்டு. யூனிட்டின் உயரம் 20 முதல் 30 சென்டிமீட்டர்தான். டக்ட் மூன்று நான்கு மீட்டருக்குள் முடிந்துவிடுவதால் இழப்பும் குறைவு, அறைக்குள் கிரில் மட்டும் தெரியும். இதன் ஃபேனுக்குப் பலம் குறைவு என்பதை மட்டும் மறக்கக் கூடாது. மெலிந்த மாடல்கள் மிகக் குறைந்த அழுத்தத்தில்தான் காற்றைத் தள்ளும். இதில் வீடு முழுக்க டக்டை நீட்டினால் மேலே சொன்ன பிள்ளைகளின் அறைக் கதைதான் நடக்கும். யூனிட்டுக்கு அடியில், ஆள் கையும் தோளும் நுழைகிற அளவுக்கு ஒரு திறப்பு விடச் சொல்லுங்கள். சீலிங் அழகு கெடுகிறது என்று உள்வேலை செய்பவர் சண்டை போடுவார், விட்டுக்கொடுக்காதீர்கள். திறப்பில்லாத யூனிட்டின் டிரெய்ன் அடைத்துக்கொண்டால் சீலிங்கை வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

ஆக, உங்கள் வீட்டுக்கு நான் செய்வது இதுதான். மூன்று படுக்கையறைகளுக்கும் தனித்தனி இன்வெர்ட்டர் ஸ்பிளிட், ஒவ்வொன்றுக்கும் சொந்த வெளியூனிட். கீழே ஹாலுக்கும் சாப்பிடும் இடத்துக்கும் சேர்த்து ஒளிந்திருக்கும் குட்டை டக்ட் யூனிட் ஒன்று. ரிட்டர்ன் கிரில் சமையலறை வாசலிலிருந்து தள்ளி இருக்கட்டும், இல்லையென்றால் தாளிக்கும் புகையெல்லாம் ஹால் முழுக்கப் பரவும். பகலும் இரவும் எல்லா அறையும் ஓடுகிற குடும்பம் என்றோ, ஆஸ்துமா இருக்கிறது என்றோ நீங்கள் சொன்னால் என் பதில் மாறும். அப்போது தளத்துக்கு ஒன்றாக இரண்டு சிறு சென்ட்ரல் அமைப்புகள், அறைக்கு அறை ரிட்டர்ன், மேல்கூரைக்குக் கட்டாயம் வெப்பத்தடுப்பு. வீடு முழுக்க ஒரே பெரிய சென்ட்ரல் என்ற யோசனையை நான் எடுக்க மாட்டேன், சூடு மேலே ஏறுவதால் ஒரே தெர்மோஸ்டாட்டால் இரண்டு தளத்தையும் திருப்திப்படுத்த முடியாது.

எதை எடுத்தாலும், பூச்சு வேலை தொடங்கும் முன் இந்த வாரமே ஒரு காரியத்தை முடித்துவிடுங்கள். உள்யூனிட் வரும் ஒவ்வோர் இடத்தையும் சுவரில் சுண்ணக்கட்டியால் வரைந்து, டிரெய்ன் குழாயும் காப்பர் பைப்பும் போகும் காடியை வெட்டச் சொல்லுங்கள். டிரெய்ன் குழாய் தனியாகச் சரிந்து போகட்டும், கழிவறைக் குழாயோடு சேர்க்க வேண்டாம், நாற்றம் அதே வழியில் திரும்பி வரும். பைப்பைப் புதைப்பதாக இருந்தால், சுவருக்குள் ஓர் இணைப்புகூட வராமல் ஒரே நீளமாக ஓடட்டும். நைட்ரஜன் அடைத்து ஒரு நாள் முழுக்க அழுத்தம் இறங்காமல் நிற்பதைப் பார்த்த பிறகே கொத்தனாரைப் பூசச் சொல்லுங்கள்.